ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைத்துவிடலாமா?

கேள்வி இதுதான். 2016 மாடல், 1.3 லிட்டர் டீசல் கார், பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை மாசு விதிப்படி வந்தது), 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக இழுவை இல்லை. ரேஸ் கொடுத்தால் கறுப்புப் புகை. சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறது. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. மெக்கானிக், "ஈ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருக்கிறது, ஒரு தகடு வைத்து நிரந்தரமாக மூடிவிடலாம், மைலேஜும் ஏறும்" என்கிறார். ஈ.ஜி.ஆர். என்பது எஞ்சின் தள்ளிய புகையில் ஒரு பங்கை அதற்குள்ளேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. அப்படித் தள்ளிய புகையை அதற்கே திரும்பக் குடிக்கக் கொடுப்பதில் என்ன லாபம், மூடினால் என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூட வேண்டாம். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் வால்வை மாற்றுங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. எஞ்சின் பரிசோதனைக் கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த வால்வைப் போல வசை வாங்கிய உதிரிபாகம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பாதி வசை நியாயமானதுதான்.

முதலில் காற்றைப் பற்றி. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். எரிவதற்கு ஆக்ஸிஜன் மட்டும் போதும். நைட்ரஜன் சும்மா உள்ளே வந்து, சூடாகி, விரிந்து, பிஸ்டனைத் தள்ளிவிட்டுச் சும்மா வெளியே போக வேண்டியது. ஆனால் சுடர் ஒரு அளவுக்கு மேல் சூடானால், ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அந்தச் சாதுவான நைட்ரஜனும் உடைந்து ஆக்ஸிஜனோடு சேர ஆரம்பிக்கிறது. இதில்தான் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. ஆலையிலும் ஆய்வகத்திலும் இவற்றை 'நாக்ஸ்' என்பார்கள். வெப்பம் ஏற ஏற நாக்ஸ் சீராக ஏறுவதில்லை, கிடுகிடுவென்று ஏறும். உச்ச வெப்பத்தில் நூறு டிகிரி குறைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். டீசல் எஞ்சினுக்குள் சுடரின் உச்ச வெப்பம் 2,000 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த வாயுவால் யாருக்குக் கெடுதல் என்று முதலில் தெளிவுபடுத்தியது லாஸ் ஏஞ்சலஸ் நகரம். 1940களில் அங்கே கண் எரியும் பழுப்பு மூட்டம் கவிந்துகொண்டே இருந்தது. கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த டச்சுக்கார வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதற்கு முன் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர் அவர். 1970-ல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. அடுத்த சில வருடங்களில் அங்கே விற்ற கார்களில் ஈ.ஜி.ஆர். வால்வு வந்து உட்கார்ந்தது. அப்போதிருந்தே, "இதைப் பிடுங்கிப் போட்டால் வண்டி பறக்கும்" என்ற பேச்சும் கூடவே வந்தது.

இப்போது வேலை செய்யும் விதம். வெளியேறும் புகையில் ஒரு பங்கை ஒரு குழாய் வழியாக இழுத்து, வால்வால் அளந்து, உள்ளே போகும் காற்றோடு கலக்கிறார்கள். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "சைலன்சர் பக்கம் வரும் புகை கொதிக்கிற சூடு. அதை உள்ளே விட்டால் எஞ்சின் இன்னும் சூடாகத்தானே வேண்டும்?" நியாயமான சந்தேகம். உள்ளே போகும் கலவை சூடாகிறது என்பது உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது உள்ளே போகும் காற்றின் சூடு இல்லை, எரியும்போது சுடர் எட்டும் உச்ச சூடு. அது குறைகிறது.

விறகடுப்பில் சமைத்த வீடுகளில் இரவு தணலின் மேல் சாம்பலைத் தள்ளி மூடி வைப்பார்கள். காலையில் கிளறினால் நெருப்பு இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று சொல்வது அதைத்தான். சாம்பல் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அது இனி எரியாது, எரிகிறதற்கும் காற்று போகவிடாது, சூட்டையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஈ.ஜி.ஆர். வழியாக வரும் புகை சிலிண்டருக்குள் செய்வது இதே வேலை. அதில் இருப்பது எரிந்து முடிந்த கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும், எதுவும் செய்யாத நைட்ரஜனும், மிச்சமிருக்கும் கொஞ்சம் ஆக்ஸிஜனும்.

இரண்டு விதமாக அது சுடரை அடக்குகிறது. ஒன்று, ஆக்ஸிஜன் நீர்த்துப் போகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நகரத்துக்குள் மிதமாக ஓடும் டீசல் வண்டியின் புகையில் 12 சதவீதம் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதில் 30 சதவீதம் அந்தப் புகை, 70 சதவீதம் புதுக்காற்று. கலவையில் ஆக்ஸிஜன் 21-லிருந்து 18 சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு டீசல் துளியும் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தேடி இன்னும் அதிகமான வாயுவோடு கலக்க வேண்டியிருக்கிறது. அத்தனை வாயுவையும் அதே நெருப்பு சுடவைக்க வேண்டும், ஆகவே உச்ச வெப்பம் குறைகிறது. இரண்டாவது, கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் சாதாரணக் காற்றைவிட அதிக வெப்பத்தை விழுங்கும் தன்மை உள்ளவை. டீசலில் முதல் காரணம்தான் பெரியது.

உள்ளே போகும் சூட்டைக் குறைக்க, பெரும்பாலான டீசல் வண்டிகளில் ஈ.ஜி.ஆர். கூலர் ஒன்றும் உண்டு. எஞ்சினின் கூலன்ட் தண்ணீரே அதன் வழியாக ஓடிப் புகையின் சூட்டை எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த வாயு சுருங்கும் என்பதால் அதே இடத்தில் அதிகமாகக் கொள்ளும், சுடரும் இன்னும் அடங்கும். இந்தக் கூலரைப் பற்றிக் கடைசியில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

எவ்வளவு புகை, எப்போது என்பதை ஈ.சி.யூ., அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, தீர்மானிக்கிறது. டீசலில் லேசான சுமையில், ஊருக்குள் மூன்றாவது கியரில் போகும்போது, தாராளமாக விடும். அந்த நிலையில் டீசல் எஞ்சினுக்குள் தேவையைவிடப் பல மடங்கு காற்று இருக்கும், ஒரு பங்கை விட்டுக்கொடுக்கலாம். சில எஞ்சின்களில் இது பாதி வரைகூடப் போகும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து லாரியை முந்தும்போது வால்வு மூடிக்கொள்ளும். அப்போது கிடைக்கிற ஆக்ஸிஜன் அத்தனையும் வேண்டும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சரியாக வேலை செய்கிற ஈ.ஜி.ஆர்., வண்டியின் முழு சக்தியில் கைவைப்பதே இல்லை.

பெட்ரோல் வண்டியில் கதை வேறு, எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளுக்குச் சரியாக வேண்டிய அளவு காற்றை மட்டும் எடுக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் ஏறக்குறைய இருக்காது. மெதுவாகப் போக வேண்டுமானால் காற்று வரும் வழியில் இருக்கும் த்ராட்டில் என்ற கதவை மூடிக் காற்றை நெரிக்க வேண்டும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், வாய் வலிக்கும். எஞ்சினும் அப்படித்தான் சக்தியை வீணாக்கி உறிஞ்சுகிறது. இப்போது அந்த இடத்தில் எரியாத வாயுவைக் கொஞ்சம் விட்டால், அதே சக்திக்கு த்ராட்டிலை இன்னும் திறந்து வைக்கலாம். உறிஞ்சும் பாடு குறைகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது. அதோடு குளிர்வித்த புகை நாக்கிங்கையும், அதாவது பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவதையும், தடுக்கும். 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸில் கூலருடன் ஈ.ஜி.ஆர். வைத்ததற்கு மைலேஜும் ஒரு முக்கியக் காரணம். மாசைக் குறைக்க வந்த சாமான், எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது.

அப்படியென்றால் பெட்ரோலில் நிறைய விடலாமே? முடியாது. தீப்பொறியிலிருந்து சுடர் பரவ வேண்டிய எஞ்சின் அது. புகை அதிகமானால் சுடர் தள்ளாடும். நெருப்பு மெதுவாகப் பரவுவதால் ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலான எஞ்சின்கள் சரியாகப் பற்றாமல் மிஸ்ஃபயர் ஆகத் தொடங்கும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, பொதுவாக மூடியே வைப்பார்கள். பல பெட்ரோல் கார்களில் வெளிக்குழாயே கிடையாது. வால்வு திறந்து மூடும் நேரத்தை நகர்த்தி, போன சுற்றின் புகையில் கொஞ்சத்தை சிலிண்டருக்குள்ளேயே தங்க வைத்துவிடுவார்கள். "என் காரில் ஈ.ஜி.ஆர். இல்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் வண்டியில் இந்த உள்வழி ஏற்பாடு இருக்கும், அவர்களுக்குத் தெரியாது.

சரி, இவ்வளவு நல்ல சாமானுக்கு ஏன் இத்தனை கெட்ட பெயர்? கரி. சுடரை அடக்கினால் நாக்ஸ் குறையும், ஆனால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்கரி கூடும். டீசல் எஞ்சின் செய்கிறவர்களின் தீராத தலைவலி இது. ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். அந்தக் கரி குழாய் வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு வருகிறது. அங்கே இன்னொரு பக்கத்திலிருந்து எஞ்சின் ஆயிலின் ஆவி வந்து சேர்கிறது. இரண்டும் கலந்து தார் மாதிரிக் குழைந்து, வால்வின் தண்டிலும், மூடும்போது அது வந்து பொருந்தும் இருக்கையிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆயிலுக்குள்ளும் கரி இறங்கும். லாரி எஞ்சின் ஆயிலில் சி.ஐ.-4 என்ற தரம் 2002-ல் வந்ததே ஈ.ஜி.ஆர். எஞ்சின்களை மனதில் வைத்துத்தான்.

எப்படி ஓட்டுகிறோம் என்பதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரின் கார் வீட்டிலிருந்து கிளினிக் வரை மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும். எஞ்சின் சூடாவதற்குள் வந்து நின்றுவிடும். அதன் மேனிஃபோல்டைக் கழற்றியபோது துவாரம் விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதே மாடலில் திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் டாக்சி ஒன்று அதைவிட மூன்று மடங்கு தூரம் ஓடியிருந்தது. அதில் மெல்லிய படலம்தான். நீண்ட தூரம் நல்ல சூட்டில் ஓடினால் கரி அவ்வளவு சீக்கிரம் சேராது.

இனி உங்கள் வண்டி. கரி பிடித்த வால்வு இரண்டு விதமாக நிற்கலாம், இரண்டுக்கும் அறிகுறி நேர் எதிர். மூடியபடியே மாட்டிக்கொண்டால், ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. டீசலின் தடதடப்பு கொஞ்சம் கூடலாம், பெட்ரோலில் நாக்கிங் கேட்கலாம், விளக்கு எரியும். நாக்ஸ் மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால்தான் பிரச்சினை வெளியே தெரியும். ஐடிலிங்கில் உதறும், சிலசமயம் அணைந்துவிடும். முழு மிதி மிதிக்கும்போதும் வால்வு மூடாமல் புகையை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பதால் ஆக்ஸிஜன் போதாது. இழுவை போகும், கறுப்புப் புகை வரும். நீங்கள் சொன்ன அத்தனையும் இதில் இருக்கிறது. உங்கள் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது என்பது என் ஊகம்.

இப்போது மெக்கானிக்கின் தகட்டுக்கு வாருங்கள். அவர் தகடு வைப்பார், அன்றைக்கே வண்டி பறக்கும். புகை நின்றுவிடும். அவர் சொன்னது சரிதான் என்று நீங்களும் நாலு பேரிடம் சொல்வீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. வண்டி பறப்பது ஈ.ஜி.ஆர். போனதால் இல்லை, திறந்தே கிடந்த ஓட்டை மூடியதால். ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினாலும் ஒழுகல் நிற்கும், குழாயையே சிமென்ட் பூசி அடைத்தாலும் நிற்கும். சுத்தம் செய்த வால்வு கொடுக்கும் இழுவையைவிடத் தகடு ஒரு துளிகூட அதிகம் கொடுக்காது, ஏனென்றால் முழு மிதியில் நல்ல வால்வு மூடித்தான் இருக்கும். மைலேஜ் ஏறியது என்கிறவர்களும் பழுதான வண்டியோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

மூடினால் வருகிற நஷ்டம் உடனே தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். வால்வைத் திறந்ததும் புதுக்காற்றின் அளவு இவ்வளவு குறைய வேண்டும் என்று ஈ.சி.யூ. எதிர்பார்க்கும். காற்று அளவி குறைந்ததாகச் சொல்லாவிட்டால் பி 0401 என்ற பிழையைப் பதிவு செய்து விளக்கை எரியவிடும். சில வண்டிகளில் சக்தியையே குறைத்துவிடும். அந்த விளக்கை அணைக்க மென்பொருளில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் வேறு உண்மையான கோளாறு வரும்போது அந்த விளக்கு எரியுமா என்பது அவர் எப்படிக் கைவைத்தார் என்பதைப் பொறுத்தது. பி.எஸ்.6 டீசலாக இருந்தால் நான் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன். அதில் கரி வடிகட்டி, நாக்ஸைக் கவனிக்கும் வேறு அமைப்பு எல்லாம் ஒன்றோடொன்று கணக்கு வைத்து ஓடுகின்றன, ஒன்றைப் பிடுங்கினால் மற்றவை குழம்பும்.

இன்னொரு வேடிக்கை. புகைச் சான்றிதழ் கொடுக்கும் மையத்தில் டீசல் வண்டிக்குப் புகையின் கறுப்பை மட்டும்தான் அளக்கிறார்கள், நாக்ஸை அளப்பதில்லை. ஈ.ஜி.ஆர். மூடிய வண்டியில் கரி குறைவதால் அது முன்பைவிட நல்ல மதிப்பெண்ணோடு பாஸாகும். கண்ணுக்குத் தெரியாத வாயு ஏறியதைக் கருவி சொல்லாது. சட்டப்படி டீசல் காருக்கு நாக்ஸ் வரம்பு பி.எஸ்.3-ல் கிலோமீட்டருக்கு 0.50 கிராம், உங்கள் பி.எஸ்.4-ல் 0.25, 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6-ல் 0.08. உங்கள் வண்டி அந்த 0.25-க்குள் வந்ததில் இந்த வால்வுக்குப் பெரும் பங்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், காற்று மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

கம்பெனிகளே இந்த வால்வோடு விளையாடி மாட்டிக்கொண்ட கதையும் தெரிந்திருக்கும். 2015 செப்டம்பரில் வெளியான ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில், ஐரோப்பாவில் விற்ற டீசல் கார்களின் மென்பொருள், சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஈ.ஜி.ஆரைத் தாராளமாக விட்டது, சாலையில் குறைத்தது. மாட்டிய பிறகு திருத்தம் செய்தார்கள். அதிலும், வெளி வெப்பம் 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால், 1,000 மீட்டருக்குக் கீழே ஓடினால் மட்டுமே ஈ.ஜி.ஆர். முழுதாக வேலை செய்யும்படி வைத்திருந்தார்கள். 2022 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இதையும் செல்லாது என்றது. நம் ஊரில் அந்தக் கணக்கு இருந்தால் சித்திரை, வைகாசி முழுக்க வால்வுக்கு அரை விடுமுறைதான்.

ஈ.ஜி.ஆர். ஒன்றே போதும் என்று நம்பினாலும் எல்லை உண்டு. லாரிகளுக்கு நாடு முழுக்க பி.எஸ்.4 வந்த 2017-ல் மற்றவர்கள் நாக்ஸைக் குறைக்கப் புகையில் யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பை வைத்தபோது, சென்னையின் அசோக் லேலண்ட் ஐ-ஈ.ஜி.ஆர். என்ற தன் ஏற்பாட்டோடு வந்தது. செலவு குறைவு, பராமரிப்பும் எளிது என்பது அவர்கள் வாதம், அந்த வரம்புக்கு அது பலித்தது. பி.எஸ்.6-க்கு அவர்களும் யூரியாவுக்கு வரவேண்டியதாயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்கேனர் வைத்திருக்கிற இடத்துக்குப் போங்கள். பிழை எண்ணை மட்டும் பார்க்காமல், எஞ்சின் சூடான பிறகு ஐடிலிங்கில் வால்வைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, காற்று அளவியின் எண் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திறந்தால் எண் நன்றாக இறங்க வேண்டும், மூடினால் ஏற வேண்டும். இரண்டு நிலையிலும் எண் அசையாமல் நின்றால் வால்வு சிக்கியிருக்கிறது. எண்ணே ஏறுக்குமாறாக இருந்தால் காற்று அளவி அழுக்காக இருக்கலாம், டர்போ குழாயில் விரிசல் இருக்கலாம், வால்வின்மேல் பழி போட வேண்டாம்.

வால்வுதான் என்றால் கழற்றி, கார்புரேட்டர் க்ளீனர் ஊற்றி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் இருக்கை கீறிப்போய் மறுபடி மூடாது. வால்வைத் திறந்து மூடும் மோட்டார் இருக்கும் பக்கம் திரவம் இறங்கக் கூடாது. கரிக்கட்டி எதுவும் மேனிஃபோல்டுக்குள் விழாமல் பார்க்க வேண்டும். பழைய கேஸ்கட்டையே போடாமல் புதிது போடச் சொல்லுங்கள், காற்று கசிந்தால் அதே விளக்கு மறுபடி எரியும். மாட்டிய பிறகு ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கூலரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 2018-ல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தன. ஈ.ஜி.ஆர். கூலருக்குள் கூலன்ட் கசிந்து, கரியோடும் ஆயிலோடும் சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டு எரிந்தது என்று நிறுவனமே விளக்கம் சொல்லி, உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டியில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. கூலன்ட் டப்பாவில் இப்போது இருக்கும் அளவை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கீழே ஒரு சொட்டும் சிந்தாமல், ஒரு மாதத்தில் அந்தக் கோடு ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தால், அடுத்து அந்தக் கூலரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.